ராதாபுரத்தின் 49 வாக்குகள்: ஒரு தேர்தலும் அதன் ஆயுளைத் தாண்டிய வழக்கும்

2016 மே 19 அன்று எண்ணி முடித்தபோது திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியின் கணக்கு இப்படி இருந்தது: அதிமுகவின் ஐ.எஸ். இன்பதுரை 69,590 வாக்குகள், திமுகவின் மு. அப்பாவு 69,541 வாக்குகள். வித்தியாசம் 49. அந்தத் தேர்தலில் தமிழகத்திலேயே மிகக் குறைந்த வித்தியாசம் இதுதான். வள்ளியூரிலிருந்து திசையன்விளைக்குப் புறப்படும் ஒரு பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர்கள் அத்தனை பேர்தான் இருப்பார்கள்.

இருவருக்கும் சேர்த்து 1,39,131 பேர் வாக்களித்திருந்தார்கள். அத்தனை பேரின் தீர்ப்பும் கடைசியில் 203 தபால் உறைகளில் வந்து நின்றது. அந்த உறைகளை எண்ணியிருக்க வேண்டுமா, ஒதுக்கியது சரியா என்று முடிவு செய்ய உயர் நீதிமன்றத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்து, எண்ணியும் முடித்த பிறகு, முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை அந்த எண் வெளியே வரவேயில்லை. குறைந்த வித்தியாசத்தில் ஒருவர் வெல்வதும் ஒருவர் தோற்பதும் தேர்தலில் இயல்பு. ஆனால் தான் தேர்ந்தெடுத்த உறுப்பினர் யார் என்பதில் எழுந்த சந்தேகத்துக்கு, அவருடைய பதவிக்காலத்துக்குள் ஒரு தொகுதிக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால் அதை இயல்பு என்று விட்டுவிட முடியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

உறைக்குள் உறை

தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து விரலில் மை வைப்பவர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். தங்கள் சொந்த ஊர் வாக்குச்சாவடியில் அவர்களுக்குப் பணி கிடைப்பதில்லை. பணகுடியில் குடியிருக்கும் ஆசிரியைக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் பணி வரலாம். தன் ஊரில் வரிசையில் நிற்க அவரால் முடியாது. ஆகவே அவர் தபாலில் வாக்களிக்கிறார்.

அவருக்குக் கிடைக்கும் தபால் வாக்குக் கட்டுக்குள் வாக்குச்சீட்டு இருக்கும், ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கும், ஒரு சிறிய உறையும் ஒரு பெரிய உறையும் இருக்கும், எப்படி நிரப்ப வேண்டும் என்று சொல்லும் தாள் ஒன்றும் இருக்கும். வாக்குச்சீட்டில் குறியிட்டு, சிறிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அந்த உறையின் மேல் வாக்குச்சீட்டின் வரிசை எண்ணை எழுத வேண்டும். உறுதிமொழிப் படிவத்தில் ஓர் அதிகாரியின் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும். பிறகு படிவத்தையும் சிறிய உறையையும் சேர்த்துப் பெரிய உறைக்குள் வைத்து ஒட்டி, எண்ணிக்கை தொடங்குவதற்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர்க்க வேண்டும்.

எண்ணும் நாளில் காலை 8 மணிக்கு முதலில் மேசைக்கு வருவது இந்தப் பெரிய உறைகள்தாம். அதைப் பிரித்ததும் வாக்குச்சீட்டைப் பார்ப்பதில்லை, படிவத்தைப் பார்க்கிறார்கள். படிவம் உள்ளே இருக்கிறதா, வாக்காளர் கையெழுத்து இருக்கிறதா, சான்றொப்பம் இட்டவர் அதற்குத் தகுதி உடையவர்தானா, படிவத்தில் உள்ள எண்ணும் சிறிய உறையின் எண்ணும் ஒன்றா என்று பார்க்கிறார்கள். இதில் ஒன்று பிசகினாலும் சிறிய உறையைத் திறக்கவே கூடாது என்பது விதி. தள்ளுபடி என்று குறித்து அப்படியே கட்டி வைத்துவிடுவார்கள். அதாவது, படிவத்தில் உள்ள குறைக்காகத் தள்ளப்பட்ட ஒரு தபால் வாக்கு யாருக்குப் போட்டது என்பது மேசையைச் சுற்றி நிற்கும் எவருக்கும் தெரியாது. முகவருக்கும் தெரியாது, அலுவலருக்கும் தெரியாது. போட்ட ஆசிரியருக்கு மட்டும் தெரியும். தன் வாக்கு தள்ளப்பட்டது என்பது அவருக்கும் தெரியாது.

ராதாபுரத்தில் 203 தபால் வாக்குகள் இப்படித்தான் போயின. அவற்றின் படிவங்களில் சான்றொப்பம் இட்டிருந்தது நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர். தேர்தல் பணியில் இருப்பவரின் படிவத்தில் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் கையெழுத்திடலாம், அல்லது அவர் பணியாற்றும் வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் கையெழுத்திடலாம் என்பது நடைமுறை. பச்சை மையில் கையெழுத்திடும் அதிகாரி என்று சொன்னால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர் அந்த வரிசையில் வருவாரா, மாட்டாரா? வரமாட்டார் என்று எண்ணும் இடத்தில் முடிவு செய்தார்கள். 203 உறைகள் ஓரமாகப் போயின. 49 வித்தியாசத்தில் ஒருவர் வென்றதாக அறிவிக்கப்பட்டார்.

இந்த இடத்தில் எனக்கு மனம் ஆறுவதில்லை. மற்றவர்களின் வாக்கைக் காப்பதற்காக நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தவர்களின் வாக்கு இது. அவர்கள் யாரும் போலி வாக்காளர்கள் என்று எவரும் சொல்லவில்லை. கையெழுத்து பொய் என்றும் சொல்லவில்லை. கையெழுத்திட்டவரின் பதவி நிலை என்ன என்பதுதான் கேள்வி. தன் ஊரில் எளிதில் அணுகக்கூடிய, தான் நன்கு அறிந்த ஒரு தலைமை ஆசிரியரிடம் போய்க் கையெழுத்து வாங்கிய ஓர் ஆசிரியை, அவர் எந்த அரசாணைப்படி எந்த நிலையில் இருக்கிறார் என்று ஆராய்ந்துவிட்டா போவார்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உறுதிமொழிப் படிவத்தின் சான்றொப்பம் வெறும் சடங்கு அன்று. சாவடியில் வாக்காளரை நேரில் பார்த்து, முகவர்கள் சரிபார்த்து, மை வைத்து அனுப்புகிறோம். தபாலில் அதெல்லாம் கிடையாது. உறைக்குள் இருக்கும் வாக்கு அந்த வாக்காளருடையதுதான் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கையெழுத்து. ஆகவே யார் வேண்டுமானாலும் கையெழுத்திடலாம் என்று விட்டுவிட முடியாது. யார் கையெழுத்திடலாம் என்பதை வாக்காளருக்கு ஐயமில்லாமல் முன்கூட்டியே சொல்லிவைப்பதும், அதே அளவுகோலை எண்ணும் மேசையில் பின்பற்றுவதும் தேர்தல் நடத்துகிறவர்களின் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் விழுந்த ஓட்டைக்கு வாக்காளர் விலை கொடுத்தார்.

ஒரே தொகுதி, நான்கு கொடிகள்

49 வாக்கில் தோற்றவர் புதியவர் அல்லர். ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த அப்பாவு, ராதாபுரத்தில் முதன்முதலில் வென்றது 1996இல். காங்கிரசிலிருந்து பிரிந்து மூப்பனார் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரஸ், திமுகவோடு சேர்ந்து நின்ற தேர்தல் அது. 2001இல் அதே தமாகா அதிமுக கூட்டணிக்குப் போய்விட்டது. அப்பாவு எந்தக் கட்சியின் சின்னமும் இல்லாமல் சுயேச்சையாக நின்று அதே தொகுதியில் வென்றார். 2006இல் திமுக வேட்பாளராக வென்றார். ஒரே மனிதர், ஒரே தொகுதி, மூன்று தேர்தல், மூன்று அடையாளம்.

சுயேச்சை வெல்வது தமிழகத்தில் அரிது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு வேட்புமனுவில் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். இது ஒன்றும் பெரிய தடை இல்லை. பெரிய தடை சின்னம். வேட்புமனு திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கிடைக்கும். அதைச் சுவரில் எழுதி, வீட்டுக்கு வீடு காட்டி, வயதானவர்கள் மனத்தில் பதியவைக்க இரண்டு வாரங்கள்தான் இருக்கும். அந்த இரண்டு வாரத்தில் வென்றார் என்றால், சின்னத்தைத் தாண்டி முகத்துக்கு விழுந்த வாக்குகள் அவை. ராதாபுரம் பக்கத்தில் ஒரு வேட்பாளர் கல்யாணத்துக்கும் துட்டி (சாவு) வீட்டுக்கும் வந்தாரா, குளத்துக்குத் தண்ணீர் வராதபோது அதிகாரியிடம் போய் நின்றாரா என்பது இன்றும் பேச்சில் வரும்.

2011இல் திமுக கூட்டணியில் ராதாபுரம் காங்கிரசுக்குப் போனது. அதிமுக கூட்டணியில் தேமுதிகவின் எஸ். மைக்கேல் ராயப்பன் வென்றார். தொகுதியில் எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் கூட்டணிப் பங்கீட்டில் ஓர் ஊர் கைமாறினால் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் ஐந்தாண்டுகள் போய்விடும். தலைநகரில் நடக்கும் பேச்சுவார்த்தை மேசையில் அவருடைய ஊர் ஓர் எண், அவ்வளவுதான். அதன் பிறகு 2016. எதிரே வந்தவர் இன்பதுரை, வழக்கறிஞர். ஒருவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர், ஒருவர் நீதிமன்றத்திலிருந்து வந்தவர். கடைசியில் பள்ளித் தலைமை ஆசிரியரின் கையெழுத்து ஒன்று இருவரையும் நீதிமன்றத்தில் நிறுத்தியது.

தண்ணீர், கடல், அணுஉலை

ராதாபுரத்தில் ஏன் இவ்வளவு நெருக்கமான போட்டி என்று கேட்டால், தொகுதியை ஒருமுறை குறுக்கே கடந்து பார்க்க வேண்டும். மேற்கே மகேந்திரகிரி மலை. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் இயந்திரச் சோதனைக் கூடம். பணகுடி, காவல்கிணறு பக்கம் காற்றாலைகள். கிழக்கே போகப் போகத் தேரி எனும் செம்மணல் மேடுகளும் பனையும். தெற்கே கடல்: உவரி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி என்று மீனவ ஊர்கள். நடுவே கூடங்குளம் அணுமின் நிலையம். மலையடிவார விவசாயிக்கும் தேரிக்காட்டுப் பனையேறிக்கும் கரையோர மீனவருக்கும் அரசிடம் கேட்க வேண்டியவை வேறு வேறு. மூவரிடமும் ஒரே பேச்சைப் பேசி வாக்கு வாங்கிவிட முடியாது.

உள்நாட்டு ஊர்களுக்குத் தண்ணீர்தான் எல்லாம். தாமிரபரணி ஓடும் மாவட்டம் என்று பெயர். ஆனால் அந்த ஆற்றின் செழிப்பு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களோடு நின்றுவிடுகிறது. ராதாபுரம் மழைமறைவுப் பகுதி. இங்கே பாசனத்துக்கு முக்கிய வழி ராதாபுரம் கால்வாய். அதில் வரும் தண்ணீர் கன்னியாகுமரி மாவட்டத்தின் பேச்சிப்பாறை அணையிலிருந்து, தோவாளைக் கால்வாய் வழியாக வருகிறது. 52 குளங்களும் 17,000 ஏக்கர் நிலமும் அதை நம்பியிருக்கின்றன. பக்கத்து மாவட்டத்தின் அணை, பக்கத்து மாவட்டத்தின் கால்வாய், கடைமடையில் நம் குளம். ஆண்டுதோறும் தண்ணீர் திறக்கும் ஆணை வந்ததா, மதகு திறந்ததா, வழியில் எவ்வளவு போனது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ராதாபுரம் உறுப்பினரின் வேலையில் பாதி இதுதான் என்று சொன்னால் தொகுதிக்காரர்கள் மறுக்க மாட்டார்கள். தாமிரபரணியின் உபரி நீரைக் கருமேனியாறு, நம்பியாற்றுக்குக் கொண்டுவரும் இணைப்புத் திட்டம் 2009இல் தொடங்கியது. வெள்ளாங்குழியில் கன்னடியன் கால்வாயிலிருந்து திசையன்விளை அருகே எம்.எல். தேரி வரை வரும் அந்த வெள்ளநீர்க் கால்வாய்க்காக இந்தப் பக்கத்து மக்கள் எத்தனை தேர்தல்கள் காத்திருந்தார்கள் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கரையோரத்தின் கதை வேறு. 2011 முதல் இடிந்தகரையில் அணுஉலைக்கு எதிராக நடந்த போராட்டத்தின் வடு 2016இல் ஆறியிருக்கவில்லை. போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமார் அந்தத் தேர்தலில் ராதாபுரத்திலேயே வேட்பாளராக நின்றார். அவர் வெல்லவில்லை; ஆனால் அவருக்கு விழுந்த வாக்குகள் அந்த 49ஐப் போலப் பல மடங்கு. அந்த வாக்குகள் எங்கிருந்து பிரிந்தன என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது கட்சிக்காரர்களின் வழக்கம். எனக்கு அந்தக் கணக்கில் விருப்பமில்லை. ஒருவருக்குப் போட்ட வாக்கு இன்னொருவருக்குச் சேர வேண்டியது என்று சொல்வது வாக்களித்தவரை மதிக்காத பேச்சு. எண்ணாமல் விட்டதைக் கேட்பதுதான் நியாயம்.

வழக்கு நடந்த விதம்

தேர்தல் முடிவை மாற்ற இந்தியாவில் ஒரே வழி, தேர்தல் மனு. அரசியலமைப்பின் 329ஆம் பிரிவு வேறு எல்லா வழிகளையும் அடைத்துவிடுகிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். 46ஆம் நாள் போனால் கதவு திறக்காது. செலவுக்கான பிணையாக 2,000 ரூபாய் கட்ட வேண்டும். மறு எண்ணிக்கை கேட்டால் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள்; வாக்கின் இரகசியம் காக்கப்பட வேண்டும் என்பதால், எந்தச் சுற்றில் எந்த வாக்கில் என்ன தவறு என்று குறிப்பாகச் சொல்லி, முதல்நோக்கில் நம்பும்படி ஆதாரம் காட்ட வேண்டும். குறைந்த வித்தியாசம் என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது.

அப்பாவுவின் மனுவை விசாரித்த நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் 2019 அக்டோபர் 1 அன்று உத்தரவு பிறப்பித்தார். நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியரின் சான்றொப்பம் செல்லும்; தள்ளப்பட்ட 203 தபால் வாக்குகளையும், மின்னணு இயந்திரத்தின் 19, 20, 21ஆம் சுற்று வாக்குகளையும் மீண்டும் எண்ண வேண்டும் என்றார். திருநெல்வேலியிலிருந்து பெட்டிகள் சென்னைக்குப் போயின. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அதே நாளில் இன்பதுரை தரப்பு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. எண்ணுவதை உச்ச நீதிமன்றம் தடுக்கவில்லை. முடிவை வெளியிடக் கூடாது என்று மட்டும் சொன்னது. பிறகு அந்தத் தடை நீண்டது.

இன்பதுரை செய்ததில் தவறு காண முடியாது. மேல்முறையீடு சட்டம் கொடுத்த உரிமை. வென்றவராக அறிவிக்கப்பட்ட ஒருவர், தன் பதவியைப் பறிக்கக்கூடிய உத்தரவை எதிர்க்கத்தான் செய்வார். அப்பாவுவும் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார். என் கேள்வி வேட்பாளர்களைப் பற்றியது அன்று, காலத்தைப் பற்றியது.

சட்டத்தைப் படித்துப் பாருங்கள். தேர்தல் மனுவை ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது 86ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீட்டை மூன்று மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது 116சி பிரிவு. சட்டம் எழுதியவர்களுக்கு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கிறது: சட்டமன்றத்துக்கு ஆயுள் ஐந்தே ஆண்டு, ஆகவே வழக்கு ஓராண்டுக்குள் முடிய வேண்டும். ஆனால் ‘முயல வேண்டும்’ என்று எழுதிவிட்டு, முயலாவிட்டால் என்ன என்பதை எழுதாமல் விட்டுவிட்டார்கள். 45 நாளுக்கு மேல் ஒரு நாள் பிந்திய மனுதாரருக்கு மன்னிப்புக் கிடையாது. ஆறு மாதத்துக்கு மேல் ஏறக்குறைய மூன்று ஆண்டு பிந்திய விசாரணைக்கு எந்த விளைவும் கிடையாது. இது சமமான கண்டிப்பு இல்லை.

2016 முதல் 2021 வரை ராதாபுரத்தின் பெயரில் பேரவையில் கேள்வி கேட்டது, தீர்மானங்களில் வாக்களித்தது, தொகுதி மேம்பாட்டு நிதியை எந்த ஊருக்கு எவ்வளவு என்று பரிந்துரைத்தது எல்லாம் ஒரு கேள்விக்குறியின் கீழ் நடந்தன. அந்தக் கேள்விக்குறி இன்பதுரைக்கும் நியாயம் செய்யவில்லை. மறு எண்ணிக்கையிலும் அவரே வென்றிருந்தால் அந்தப் பெருமையைச் சந்தேகமில்லாமல் அனுபவிக்கும் உரிமை அவருக்கு உண்டு. அதுவும் அவருக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை.

2021, பிறகு பேரவைத் தலைவர் நாற்காலி

2021 தேர்தலில் அதே இருவர் மீண்டும் எதிரெதிரே நின்றார்கள். அப்பாவு 82,331, இன்பதுரை 76,406. வித்தியாசம் 5,925. இந்த முறை உறைகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை. மே 12 அன்று அப்பாவு போட்டியின்றிப் பேரவைத் தலைவரானார். இன்பதுரை பின்னர் 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார்.

பேரவைத் தலைவருக்கு அவையில் வாக்கு இல்லை. இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டும், அரசியலமைப்பின் 189ஆம் பிரிவின்படி, தீர்மானிக்கும் வாக்கை அவர் போடலாம். 49 வாக்கில் ஐந்து ஆண்டுகளை இழந்த ஒருவருக்கு அந்த ஒற்றை வாக்கின் எடை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 12 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி அரசு தயாரித்த உரையைப் படிக்காமல் விட்டபோது, அதன் தமிழ் வடிவத்தை அவையில் படித்தவர் அப்பாவு. நாடு முழுவதும் அவர் முகம் தெரிந்தது அன்றைக்குத்தான்.

நெல்லைச் சீமைக்கு இந்த நாற்காலி புதிதில்லை. 1962 முதல் 1967 வரை பேரவைத் தலைவராக இருந்த எஸ். செல்லப்பாண்டியன் இந்த மண்ணுக்காரர். எண்பதுகளில் எம்.ஜி.ஆர். ஆட்சியின்போது சேரன்மகாதேவி உறுப்பினர் பி.எச். பாண்டியன் அந்த இடத்தில் இருந்தார். பேரவைத் தலைவருக்கு ‘வானளாவிய அதிகாரம்’ உண்டு என்ற சொற்றொடர் அவரோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். 2006 முதல் 2011 வரை அம்பாசமுத்திரத்தின் இரா. ஆவுடையப்பன் இருந்தார். அடுத்த தேர்தலில் ஆவுடையப்பன் தோற்றார். பேரவைத் தலைவராக இருந்தவர் என்பதற்காக இந்த மாவட்டம் யாருக்கும் தனிச் சலுகை காட்டுவதில்லை.

சின்ன வித்தியாசமும் ராதாபுரத்துக்கு மட்டும் சொந்தமில்லை. திருநெல்வேலித் தொகுதியில் நயினார் நாகேந்திரன் அதிமுகவில் இருந்தபோது 2001இல் வென்றார், அமைச்சரானார், 2006இல் சுமார் 600 வாக்கில் தோற்றார், 2011இல் வென்றார், 2016இல் மீண்டும் சுமார் 600 வாக்கில் திமுகவின் ஏ.எல்.எஸ். லட்சுமணனிடம் தோற்றார். பிறகு பாஜகவுக்குப் போய் 2021இல் அதே தொகுதியில் வென்றார். ஒரு மனிதரின் அரசியல் வாழ்க்கை இரண்டு முறை அறுநூறு பேரால் திசைமாறியது. நெல்லையில் வாக்குச்சாவடி முகவராக உட்காருகிறவர்கள் கடைசிப் பெட்டி வரை எழுந்திருக்காமல் இருப்பதற்குக் காரணம் இத்தகைய அனுபவங்கள்தாம்.

இப்போது என்ன மாறியிருக்கிறது

ராதாபுரத்தில் நடந்தது போன்ற தகராறுக்கு இப்போது ஓரளவு வழியடைத்திருக்கிறார்கள். தள்ளப்பட்ட தபால் வாக்குகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவற்றைத் தேர்தல் நடத்தும் அலுவலர் கட்டாயம் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். தள்ளப்பட்டவை 203, வித்தியாசம் 49 என்றால் அவர் நாற்காலியை விட்டு எழ முடியாது. 2023இல் தேர்தல் நடத்தை விதிகளும் திருத்தப்பட்டன. தேர்தல் பணியில் இருப்பவர்கள் தபால் வாக்கை வீட்டுக்கு எடுத்துப்போய் அஞ்சலில் அனுப்புவதற்குப் பதிலாக, அதற்கென்று அமைத்த உதவி மையத்திலேயே போட வேண்டும். பயிற்சி வகுப்புக்கு வரும் ஆசிரியை அங்கேயே குறியிட்டு, அங்கேயே இருக்கும் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி, பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். யார் பச்சை மைக்காரர் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

தேர்தல் பணிக்குப் போகும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. படிவத்தில் அதிகாரி கையெழுத்திட்டதோடு விட்டுவிடாதீர்கள். அவர் பெயரும் பதவியும் முத்திரையும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய உறையின் மேல் வரிசை எண் எழுதியாயிற்றா என்று பாருங்கள். படிவத்தைச் சிறிய உறைக்குள் திணித்துவிடாதீர்கள். அது பெரிய உறைக்குள் தனியாக இருக்க வேண்டும். அவசரத்தில் நடக்கும் இந்தச் சிறு பிழைகளுக்குத் தள்ளப்படும் வாக்குகள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு.

வேட்பாளர்களின் முகவர்களுக்கும் வேலை இருக்கிறது. தபால் மேசைக்கு அனுபவம் குறைந்த ஒருவரை அனுப்பிவிட்டு, விவரம் தெரிந்தவர்களை எல்லாம் இயந்திர மேசைகளில் நிறுத்துவது கட்சிகளின் பழைய வழக்கம். ஓர் உறையைத் தள்ளும்போது, எந்தக் காரணத்துக்காக என்று அந்த இடத்திலேயே கேட்டு, எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தவருக்குத்தான் பின்னால் நீதிமன்றத்தில் நிற்கக் கால் இருக்கும். மறு எண்ணிக்கை வேண்டும் என்றால் முடிவுத்தாளில் தேர்தல் நடத்தும் அலுவலர் கையெழுத்திடுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகு அவருக்கு அதிகாரம் இல்லை. பிறகு எல்லாம் உயர் நீதிமன்றம்தான்.

மேசையில் செய்ய வேண்டியவை ஓரளவு சீராகிவிட்டன. நீதிமன்றத்தின் காலக்கெடு மட்டும் 2016இல் இருந்தபடியே இருக்கிறது. அதை மாற்ற அரசியலமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. 86ஆம் பிரிவிலும் 116சி பிரிவிலும் உள்ள ‘முயல வேண்டும்’ என்பதை ‘முடிக்க வேண்டும்’ என்று நாடாளுமன்றம் மாற்றினால் போதும். கூடவே, தேர்தல் மனுவை எடுத்துக்கொண்ட நீதிபதி அது முடியும்வரை வேறு வழக்குப் பட்டியலைக் குறைத்துக்கொள்ள உயர் நீதிமன்றங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். ராதாபுரத்தில் 203 உறைகளை எண்ணி முடிக்க ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. எண்ணலாமா என்று முடிவு செய்யத்தான் மூன்று ஆண்டும் நான்கு மாதமும் ஆயின.